நோயறிதலும் புலம்பலும்: ‘எரியும் பனிக்காடு’ புதினமும் ‘பரதேசி’ திரைப்படமும்

முன்னுரை

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ என்னும் புதினம் 1969ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தமிழ் வாசகரின் கவனத்திற்கு எட்டாதிருந்த இந்நூலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் 2007இல் தமிழாக்கம் செய்தார். இதனை அடிப்படையாகக் கொண்டு இயக்குநர் பாலா உருவாக்கிய ‘பரதேசி’ திரைப்படம் 2013ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளியாயிற்று.

புதினம் திரைப்படமாகும்போது மாற்றங்கள் நேர்வது இயல்பே. சொல்லால் இயங்கும் கலையைக் காட்சியால் இயங்கும் கலையாக மாற்றுபவர் சிலவற்றை விடுத்தலும் சிலவற்றைச் சேர்த்தலும் தவிர்க்க இயலாதன. எனவே ‘மூலத்திற்கு உண்மையாக இருக்கின்றதா’ என்னும் வினா திறனாய்வுக்குப் போதிய வினா ஆகாது. எவை விடப்பட்டன, அவை விடப்பட்டதால் படைப்பின் பொருள் எவ்வாறு மாறியது என்பதே ஆராய்தற்குரியது. இரு படைப்புகளும் ஒரே துன்பத்தைப் பேசுகின்றன. புதினம் அத்துன்பத்தின் காரணத்தை நாடுகின்றது. திரைப்படமோ அத்துன்பத்திற்காகப் புலம்புகின்றது. இவ்வேறுபாடு கதைமாந்தர், காலம், சாதி, கணக்கு, மருத்துவம் ஆகிய கூறுகளில் எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

களமும் எல்லையும்

ஆனைமலை இன்று மாநில எல்லைகளால் பகுக்கப்பட்ட மலைத்தொடர். வால்பாறைப் பீடபூமி கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்தது. அதனை அடுத்த பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சார்ந்தது. ஆயினும் அங்குச் செல்லும் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழகத்திலிருந்தே செல்கின்றது. தெற்கே மலைத்தொடர் இடுக்கி மாவட்டத்தின் மூணாறு உயர்நிலங்களில் சென்று கலக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இம்மலைகளில் காடழித்துத் தேயிலை பயிரிட்டபோது உழைப்பாளர் பெரும்பாலும் தமிழகச் சமவெளியின் வறண்ட சிற்றூர்களிலிருந்தே திரட்டப்பட்டனர். தோட்டங்கள் வால்பாறையில் சென்னை மாகாணத்திலும் மூணாற்றில் திருவிதாங்கூர் அரசிலும் இருந்தன. எனினும் ஆள்திரட்டிய முறையும் திரட்டப்பட்ட மக்களின் மொழியும் பெரிதும் ஒன்றாகவே இருந்தன.

ஆகவே வால்பாறையைக் களமாகக் கொண்ட கதையின் மலைக்காட்சிகளுள் ஒரு பகுதியை மூணாற்றுச் சுற்றுவட்டாரத்தில் படமாக்கியது பொருத்தமற்றதன்று. இந்நூலும் திரைப்படமும் எல்லைக்கு இருபுறமும் வாழும் தோட்டத் தமிழர் அனைவரின் முன்வரலாற்றையே பேசுகின்றன எனலாம். அதனால்தான் அவ்வரலாறு எவ்வாறு சொல்லப்படுகின்றது என்பது வெறும் கலைநுட்பச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. நூலைக் கற்போர் சிலர். திரைப்படத்தைக் காண்போர் பலர். பலர்க்கும் திரைப்படமே வரலாறாக நிலைபெற்றுவிடும் வாய்ப்பு உண்டு.

மூன்று தலைப்புகள்

ஒரே கதைப்பொருள் பெற்ற மூன்று தலைப்புகளும் மூன்று நோக்குகளைக் காட்டுகின்றன. ‘ரெட் டீ’ என்பது பண்டத்தைச் சுட்டும் பெயர். கோப்பையில் காணும் செந்நிறம் எவருடைய குருதி என வினவும் இத்தலைப்பு, தேநீர் அருந்துவோரையும் குற்றத்தில் பங்காளியாக்குகின்றது. ‘எரியும் பனிக்காடு’ இடத்தைச் சுட்டும் பெயர். எரிதலும் பனியும் முரணாக நின்று, கண்ணுக்குக் குளிர்ச்சியான நிலம் வாழ்வோர்க்கு நெருப்பாக இருந்ததை உணர்த்துகின்றன. ‘பரதேசி’ ஆளைச் சுட்டும் பெயர். பிற தேயத்தான் என்னும் பொருளுடைய இச்சொல் வழக்கில் இரவலனையும் ஆதரவற்றவனையும் குறிக்கும் வசைச்சொல்லாகத் திரிந்துள்ளது.

பண்டத்திலிருந்து இடத்திற்கும், இடத்திலிருந்து தனிமனிதனுக்கும் தலைப்பு நகர்ந்திருப்பது தற்செயலான ஒன்றாகத் தோன்றவில்லை. பண்டத்தைத் தலைப்பாக்கும்போது அதனை விளைவித்த பொருளாதார அமைப்பு முன்னிற்கின்றது. ஆளைத் தலைப்பாக்கும்போது அவனது அவலம் முன்னிற்கின்றது. இந்நகர்வே பின்வரும் மாற்றங்கள் அனைத்திற்கும் குறியீடாக அமைகின்றது.

கற்பனை உலகும் அதன் விலையும்

தோட்ட இலக்கியங்களுக்கெல்லாம் பொதுவான தொடக்கம் ஒன்றுண்டு. ஆள்திரட்டுபவன் ஊருக்கு வருகின்றான். மலையைப் பற்றி ஒரு கற்பனை உலகைச் சொல்லால் படைக்கின்றான். தேயிலைச் செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என இலங்கைக்கு ஆள்சேர்த்த காலத்தில் பரவியிருந்த கதை மலையக மக்களின் நினைவில் இன்றும் உள்ளது. பசித்தவனுக்குச் சொல்லப்படும் மாயக்கதை இது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்ப் பெண் மருதி தேயிலைத் தோட்டத்திற்குச் செல்வதற்குப் பின்னணியாக நிற்பதும் இத்தகைய வறுமையும் நம்பிக்கையுமேயாம்.

டேனியலின் புதினத்தில் கயத்தாறு வட்டாரத்து மயிலோடையைச் சேர்ந்த கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் சங்கரபாண்டி என்னும் மேஸ்திரியின் சொல்லை நம்பி மலையேறுகின்றனர். இங்கு மேஸ்திரியின் இன்சொல்லோடு முன்பணமும் கைமாறுகின்றது. அந்த முன்பணமே பின்னர்க் கருப்பனைக் கட்டும் கயிறாகின்றது. புதினத்தின் முற்பகுதியில் வாக்குறுதியாக வந்த ஒவ்வொன்றும் பிற்பகுதியில் பற்றுக் கணக்காகத் திரும்பி வருவதை வாசகர் காண்கின்றனர். கற்பனை உலகு எவ்வாறு கட்டப்பட்டது, அதன் விலை யார்மேல் ஏற்றப்பட்டது என்னும் இரண்டும் புதினத்தில் தெளிவாகின்றன.

திரைப்படத்தில் மேஸ்திரி கங்காணி ஆகின்றான். சாலூர் என்னும் ஊர் மக்கள் அவன் சொல்லில் மயங்கி மகிழ்ச்சியோடு புறப்படுகின்றனர். காட்சி வலிமை வாய்ந்தது. ஊரே ஒருவனது நாவன்மைக்கு ஆட்படுவதை ஒரே பார்வையில் உணர்த்திவிடுகின்றது. ஆனால் இங்கு ஏமாற்று ஒரு தனிமனிதனின் தீக்குணமாகச் சுருங்குகின்றது. ஆள்திரட்டுபவன் தான் சேர்த்த ஆட்களின் உழைப்பிலிருந்து தரகு பெற்றவன். ஆள் தப்பினால் அவனுக்கும் இழப்பு நேரும். இவ்வேற்பாடு அவனையும் அமைப்பின் உறுப்பாக்கியது. திரைப்படக் கங்காணி அமைப்பின் உறுப்பாக அன்றிக் கொடியவனாகவே நினைவில் நிற்கின்றான்.

இணையும் பிரிவும்

புதினத்திற்கும் திரைப்படத்திற்கும் இடையே உள்ள பெரிய கதைமாற்றம் தலைமை மாந்தர் பற்றியது. கருப்பனும் வள்ளியும் மணமான இணையர்; இருவரும் சேர்ந்தே மலைக்குச் செல்கின்றனர். திரைப்படத்தில் இராசா பாட்டியால் வளர்க்கப்பட்ட, ஊருக்குத் தண்டோரா போடும் இளைஞன். ஊராரால் ‘ஒட்டுப்பொறுக்கி’ என எள்ளப்படுபவன். அவன் விரும்பும் அங்கம்மா ஊரிலேயே தங்குகின்றாள். அவள் கருவுற்றிருக்கும் செய்தி மலையிலிருக்கும் அவனுக்குக் கடிதத்தின் வழியே எட்டுகின்றது.

திணைநெறியால் நோக்கின் இம்மாற்றத்தின் தன்மை விளங்கும். குறிஞ்சிக்குரிய உரிப்பொருள் புணர்தல், பாலைக்குரியது பிரிதல். திரைப்படம் குறிஞ்சி நிலத்தில் பாலையின் உரிப்பொருளை நிறுத்துகின்றது. பொருள்வயிற் பிரிந்தவன் மீளாது போவதும், காத்திருப்பவள் ஊரில் ஆற்றியிருப்பதும் தமிழ் அகமரபு நன்கறிந்த அமைப்பே. மக்கள் கூட்டமாகப் பல நாள் வறண்ட நிலத்தில் நடந்து செல்லும் காட்சித்தொடர் இப்பாலையை நிலமாகவே கண்முன் கொணர்கின்றது. நடக்கவியலாது வீழ்ந்த ஒருவன் வழியில் கைவிடப்பட, அவன் மனைவி இழுத்துச் செல்லப்படும் காட்சி தமிழ்த் திரையில் எளிதில் மறக்கவொண்ணாதது.

பொள்ளாச்சிக்கு 1915ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது என்பதை எண்ணினால் இந்நெடுநடை வரலாற்றுச் செய்தியன்று, கவிதை உத்தி என்பது புலனாகும். உத்தி என்னும் அளவில் அது வெற்றி பெறுகின்றது. எனினும் இணையரைப் பிரித்ததால் ஒன்று இழக்கப்பட்டது. புதினத்தில் கணவனும் மனைவியும் ஒரே லயத்தில், ஒரே குளிரில், வெவ்வேறு கூலிக்கு உழைக்கின்றனர். மனைவியின்மேல் அதிகாரத்தில் இருப்போர் கண் பதியும்போது கணவன் கையறு நிலையில் அருகிலேயே நிற்கின்றான். குடும்பம் முழுவதையும் உழைப்பு அலகாக மாற்றிய தோட்டமுறை இதனால் துலங்குகின்றது. திரைப்படத்தில் இப்பொருள் மரகதம், கருத்தக்கன்னி முதலிய துணைமாந்தரிடம் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. தலைமகனின் துயரமோ பெரிதும் பிரிவுத் துயரமாகவே உருக்கொள்கின்றது. உழைப்பின் வரலாறு காதலின் அவலமாக உருமாறும் இடம் இதுவே.

காலமாற்றம்

புதினத்தின் கதை 1920களில் நிகழ்கின்றது. திரைப்படம் 1939ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. பதினைந்தாண்டு வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் அது சிறிதன்று.

சென்னை மாகாணத்தில் 1903ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், முன்பணம் பெற்ற தொழிலாளி ஒப்பந்தம் முடியுமுன் வெளியேறுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. தப்பியோடியவனைப் பிடித்துவரும் அதிகாரத்தின் பின்னால் துரையின் சாட்டை மட்டுமன்றி அரசின் சட்டமும் நின்றது. இச்சட்டம் 1920களின் இறுதியில் நீக்கப்பட்டது. புதினத்தின் நிகழ்ச்சிகள் இச்சட்டத்தின் நிழலில் நிகழ்பவை. கருப்பனால் ஏன் மலையைவிட்டு இறங்க முடியவில்லை என்னும் வினாவிற்கு விடை அங்குள்ளது.

கதையை 1939க்கு நகர்த்தியபோது அவ்விடை மறைந்துவிடுகின்றது. 1930களின் இறுதியில் கொடுமை இல்லாதொழிந்தது என்பது இதன் பொருளன்று. கடனும் அச்சமும் தொடர்ந்து மக்களைக் கட்டியிருந்தன. ஆயினும் திரைப்படத்தில் இராசாவைத் தடுப்பவை கண்காணிப்பும் அடியுமேயன்றிச் சட்டமன்று. தப்ப முயன்ற அவனது கால் நரம்பு வெட்டப்படுகின்றது. காண்போர் நெஞ்சை உலுக்கும் இவ்வன்முறை, ஏட்டில் எழுதப்பட்ட வன்முறையை மறைத்துவிடுகின்றது. சாட்டையை வெறுப்பது எளிது. சாட்டைக்கு உரிமம் வழங்கிய சட்டத்தை அறிவது அரிது. புதினம் அரியதைச் செய்கின்றது.

இளிவரலின் வேர்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு வறுமை, இழவு, இளிவு, அசைவு ஆகிய நான்கையும் நிலைக்களன்களாகக் கூறும். இளிவு பிறரால் இகழப்பட்டு எளியனாதல். அசைவு முன்னைய நல்ல நிலை கெட்டு வருந்துதல். உரையாசிரியர் பேராசிரியர் தரும் இவ்விளக்கங்களை அளவுகோலாகக் கொண்டால் இரு படைப்புகளின் அவலச்சுவை எங்கு வேறுபடுகின்றது என்பதைத் துல்லியமாக வரையறுக்கலாம்.

வறுமை இரண்டிலும் உண்டு. இழவும் இரண்டிலும் மிகுதி. கொள்ளைநோயில் மக்கள் கூட்டமாக மடிவதை இரண்டுமே காட்டுகின்றன. அசைவைத் திரைப்படம் தனக்கே உரிய சிறப்புடன் வளர்க்கின்றது. தண்டோராவுடன் துள்ளித் திரிந்தவன் கால் முடமாகி மலைச்சரிவில் நொண்டி நடக்கும்போது, படத்தின் முற்பகுதியில் கண்ட உடலே பிற்பகுதியின் உடலுக்கு எதிர்நிலையாக நிற்கின்றது. ஒரே நடிகரின் நடையால் அசைவு என்னும் நிலைக்களனை விளக்கியிருப்பது திரைக்கலைக்கே இயன்றது. செழியனின் ஒளிப்பதிவும், தேசிய விருது பெற்ற பூர்ணிமா இராமசாமியின் ஆடை வடிவமைப்பும் இதற்குத் துணைநிற்கின்றன.

வேறுபாடு இளிவில் உள்ளது. புதினத்தில் கருப்பனும் வள்ளியும் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் அவர்கள் பட்ட இளிவரலே மலையை விடுதலையாக எண்ணச் செய்கின்றது. மலையில் மேஸ்திரியும் கணக்கரும் துரையும் அவர்களை நடத்தும் முறை அவ்விளிவரலின் தொடர்ச்சியாக உள்ளது. சமவெளியின் சாதியமைப்பு தோட்டத்தின் நிருவாக அடுக்கிற்கு ஆயத்தப் பொருளாக அமைந்தது என்னும் உண்மையைப் புதினம் கதைப்போக்கிலேயே நிறுவுகின்றது.

திரைப்படம் சாதியைப் பெயரிட்டுச் சொல்வதைத் தவிர்க்கின்றது. இராசா ஊரில் எள்ளப்படுகின்றான். உணவுக்காக வீடுவீடாகச் செல்கின்றான். ஆனால் அந்த எள்ளலின் காரணம் அவனது வெகுளித்தனமாகவும் ஆதரவின்மையாகவும் காட்டப்படுகின்றது. பிறப்பின் அடிப்படையிலான இழிவு, குணத்தின் அடிப்படையிலான கேலியாக மாற்றப்படுகின்றது. நகைச்சுவை மிளிரும் முற்பகுதி ஊரைப் பொதுவாக இனிய இடமாகவே நினைவில் பதிக்கின்றது. எனவே மலை நரகமாகத் தோன்றும்போது ஊர் இழந்த இன்பமாகத் தோன்றுகின்றது. புதினத்தில் ஊரும் இன்பமன்று. ஒரு துன்பத்திலிருந்து மற்றொரு துன்பத்திற்குச் சென்ற வரலாறு அது. ஊரைத் தூயதாக்கியதன் வாயிலாகத் திரைப்படம் இளிவின் வேரை அறுத்துவிட்டது.

கணக்கேடு

புதினத்தின் உண்மையான எதிர்த்தலைவன் எவனுமல்லன். அது கணக்கேடு எனலாம். முன்பணம், வழிச்செலவு, கம்பளி, அரிசி என ஒவ்வொன்றும் பற்றெழுதப்படும் ஏடு அது. எழுதப் படிக்க அறியாதவனின் வாழ்நாளைப் பிறன் எழுதிவைக்கும் கருவி. நோயுற்ற நாளுக்குக் கூலியில்லை. கூலியில்லாத நாளிலும் உணவுக்குக் கடன் உண்டு. எனவே நோயும் கடனும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. இந்நச்சுச் சுழலைப் படிப்படியாகக் காட்டுவதால் புதினத்தின் நடை சிலவிடங்களில் அறிக்கையின் தன்மையை அடைகின்றது. கலைநோக்கில் அது குறையாகத் தோன்றினும் வரலாற்று நோக்கில் அதுவே நூலின் முதுகெலும்பு.

திரைப்படமும் கணக்குத் தீர்க்கும் நாளைக் காட்டுகின்றது. எதிர்பார்ப்புடன் வரிசையில் நிற்போர் பிடித்தங்கள் போக ஏதுமற்றவராகத் திரும்பும் அக்காட்சியில், நாஞ்சில் நாடனின் உரையாடல் சுருங்கச் சொல்லி விளங்கவைக்கின்றது. எனினும் அது ஓரிடத்து அதிர்ச்சியாகவே நிற்கின்றது. காலத்தை நீட்டிக் காட்டுதல் புதினத்திற்கு எளிது. இரண்டு மணிநேரப் படத்திற்கு அரிது. ஆகவே இக்குறைவை இயக்குநரின் பிழையாகக் கொள்வதினும் கலைவடிவத்தின் வரையறையாகக் கொள்வதே முறையாகும்.

இரு மருத்துவர்கள்

கலைவடிவத்தின் வரையறை எனக் கொள்ளவியலாத மாற்றம் மருத்துவர் பாத்திரத்தில் நிகழ்ந்துள்ளது. புதினத்தின் பிற்பகுதியில் ஆபிரகாம் என்னும் மருத்துவர் தோட்டத்திற்கு வருகின்றார். பெயரளவில் இருந்த மருத்துவ வசதியைக் கண்டு மனம் வருந்தி, நோயின் காரணங்களை ஆராய்ந்து, நிருவாகத்துடன் வாதிட்டு நிலைமையை மாற்ற முயல்கின்றார். தானும் தோட்ட மருத்துவராக இருந்து தொழிலாளரின் வாய்மொழி கேட்டு எழுதியவர் டேனியல் என்பதால், ஆபிரகாமில் ஆசிரியரின் சாயல் உண்டெனக் கருத இடமுள்ளது. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் கூறும் முறை நோயை அறிதல், காரணத்தை அறிதல், நீக்கும் வழியை அறிதல் என்பதாகும். நூல் முழுவதுமே இம்முறையில் அமைந்த நோயறிதல் எனலாம். துன்பத்திற்குக் காரணம் உண்டு. காரணம் உண்டெனில் தீர்வும் உண்டு என்பது ஆபிரகாம் பாத்திரத்தின் உட்பொருள்.

திரைப்படத்தில் இவ்விடத்திற்குப் பரிசுத்தம் என்னும் மருத்துவர் வருகின்றார். அவர் மருத்துவத்தைவிட மதமாற்றத்தில் நாட்டமுடையவராகவும், வெள்ளைக்கார மனைவியுடன் ஆடிப்பாடி உணவளித்து மக்களை ஈர்ப்பவராகவும் அங்கதச் சாயலில் படைக்கப்பட்டுள்ளார். திரைப்படம் வெளிவந்த காலத்தில் மிகுதியும் விவாதிக்கப்பட்ட பகுதி இது. காலனிய காலத்தில் மருத்துவமும் சமயப்பணியும் பல இடங்களில் பிணைந்திருந்தன என்பதும், அப்பிணைப்பை விமரிசனம் செய்யும் உரிமை கலைஞனுக்கு உண்டு என்பதும் மறுக்கவியலாதவை. வினா அதுவன்று. மூலநூலில் காரணம் தேடும் அறிவின் உருவமாக நின்ற ஒரு பாத்திரம் இருந்த இடத்தில் அவ்வறிவே அற்ற பாத்திரம் நிறுத்தப்பட்டது ஏன் என்பதே வினா.

முல்க்ராஜ் ஆனந்த் 1937இல் வெளியிட்ட, அசாம் தேயிலைத் தோட்டம் பற்றிய ஆங்கிலப் புதினத்திலும் தொழிலாளர்பால் பரிவு கொண்ட மருத்துவர் ஒருவர் இடம்பெறுகின்றார். மருத்துவர் துரைமாரின் உணவறைக்கும் தொழிலாளரின் லயத்திற்கும் இடையே சென்றுவரக்கூடியவர். இரு உலகையும் கண்டவர். கண்டதைச் சான்றாக்க வல்லவர். எனவே தோட்டப் புனைவில் அவர் சாட்சியின் இடத்தைப் பெறுகின்றார். திரைப்படம் ஆபிரகாமை நீக்கியதனால் ஒரு நல்லவரை மட்டும் நீக்கவில்லை, சாட்சியையும் நீக்கிவிட்டது. சாட்சி நீங்கியபின் துன்பத்தைக் காண்பதற்குத் திரையரங்கில் அமர்ந்திருப்போர் மட்டுமே எஞ்சுகின்றனர். அவர்களால் அழ இயலும், வினவ இயலாது.

முடிவுகள்

இறுதிக்காட்சியில் அங்கம்மா மகனுடன் அதே மலைக்குக் கங்காணியால் அழைத்து வரப்படுகின்றாள். இராசா தான் காத்திருந்தவளைக் காண்கின்றான்; ஆனால் அவளும் கூண்டுக்குள் வந்துவிட்டாள். சேர்க்கையே பேரிழப்பாகும் இம்முரண் வலிமை மிக்க நாடக முடிவு. அடுத்த தலைமுறையும் அடிமைப்பட்டது என்னும் செய்தியை ஒரு சொல்லுமின்றிக் காட்சி உணர்த்துகின்றது. இதனைப் பாராட்டாதிருக்க இயலாது. புதினத்தின் பிற்பகுதியோ மாற்றம் தொடங்கிவிட்டது என்னும் குறிப்பை நோக்கி நகர்கின்றது. ஒன்றின் திசை ஊழ்; மற்றொன்றின் திசை வரலாறு.

இங்குப் புதினத்தின் குறைபாடும் சுட்டத்தக்கது. டேனியலின் நூலில் விடிவு மேலிருந்து வருகின்றது. கல்வி பெற்ற ஒருவரின் கருணையும் துணிவும் தொழிலாளரைக் காக்கின்றன. தொழிலாளர் தாமே கூடித் தம் நிலையை மாற்றுவதற்கு நூலில் இடம் குறைவு. இந்நோக்கில் மீட்பரை விலக்கிய திரைப்படத்தின் முடிவு ஒருவகையில் நேர்மையுடையது எனவும் வாதிடலாம். ஆனால் மீட்பரை விலக்கிய இடத்தில் திரைப்படம் மக்களின் செயலை நிறுத்தவில்லை. கேலிச் சித்திரத்தை நிறுத்தியது. ஆகவே அந்த நேர்மை பாதிவழியிலேயே நின்றுவிடுகின்றது.

இரு படைப்புகளிலும் இடம்பெறாத அம்மக்களின் குரலைப் பின்னாளைய வரலாறு கேட்கச் செய்தது. திரைப்படம் வெளிவந்த இரண்டரை ஆண்டுகளுக்குப் பின், 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றில் பெண் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் தெருவில் அமர்ந்தனர். இருபது விழுக்காடு ஊக்கத்தொகையும், 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ரூபாயாக உயர்த்தலும் அவர்தம் கோரிக்கைகள். நிறுவப்பட்ட தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கித் தமிழில் முழங்கிய அப்பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என அறியப்பட்டனர். வள்ளியும் அங்கம்மாவும் பேசாதவற்றை அவர்கள் பேசினர். ஐந்தாண்டுகளுக்குப் பின், 2020 ஆகத்து 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டக் குடும்பத்தினர். லயம் எவ்வாறு தோன்றியது, அதில் தலைமுறைகளாக ஏன் வாழ நேர்ந்தது என்னும் வினாக்கள் அன்றும் எழுந்தன. அவற்றிற்கு விடைகாண முயல்வோர்க்குப் புலம்பல் மட்டும் போதாது. கணக்கேடும் சட்டமும் சாதியும் அறிதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

‘எரியும் பனிக்காடு’ துன்பத்தை அதன் காரணங்களோடு இணைத்துக் காட்டும் நோயறிதல் தன்மையது. ‘பரதேசி’ அத்துன்பத்தை உணர்ச்சியின் உச்சத்தில் நிறுத்தும் புலம்பல் தன்மையது. புலம்பலும் தமிழ் மரபில் இழிந்த வடிவமன்று; கையறுநிலையும் ஒப்பாரியும் அதன் சிறப்பை உணர்த்தும்.

இணையரைப் பிரித்தல், நெடுநடை, இறுதிக் காட்சி ஆகிய மாற்றங்கள் திரைக்கலையின் தேவையால் விளைந்து அழகு பயப்பவை. கணக்கேட்டின் சுருக்கம் கலைவடிவத்தின் வரையறையால் நேர்ந்தது. சாதியை மறைத்தலும் காலத்தை நகர்த்தலும் மருத்துவர் பாத்திரத்தைத் திரித்தலும் இவ்விரு வகையிலும் அடங்கா. அவை துன்பத்தின் காரணங்களையே கதையிலிருந்து அகற்றுகின்றன.

அழுகையின் நான்கு நிலைக்களன்களுள் வறுமையையும் இழவையும் அசைவையும் பெருக்கிய திரைப்படம், இளிவின் சமூக வேரை விட்டுவிட்டது. அதனால் காண்போரின் கண்ணீர் உண்மையானதாயினும் அக்கண்ணீருக்கு எதிரி யார் என்பது தெளிவாகவில்லை.

திரைப்படம் பல்லாயிரவர்க்குத் தோட்டத் தமிழரை நினைவூட்டியது. மூலநூலை நோக்கி வாசகர் பலரைத் திருப்பியது. இது அதன் நற்பயன். வகுப்பறையிலும் ஆய்விலும் இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கற்பிப்பதே தக்கது. ஒன்று மலையின் குளிரை உணர்த்தும். மற்றொன்று அக்குளிரில் போர்த்தக் கொடுத்த கம்பளி எவருடைய கடனில் எழுதப்பட்டது என்பதை உணர்த்தும்.